பட்டா லொறியைச் சமையல் வண்டியாக மாற்றப் போகிறீர்களா? கடதாசி வேலையை இப்படிச் செய்யுங்கள்

சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணியில் நிறுத்தலாம், ஏப்ரலில் நுவரெலியாவுக்கு ஏற்றலாம், மற்ற மாதங்களில் ஹட்டன் டவுனில் கொத்து போடலாம். இந்தக் கணக்கோடு பழைய பட்டா லொறி (டாட்டா ஏஸ்) ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். வண்டியைக் கட்டுவது பெரிய வேலை இல்லை. கைராசியான வெல்டிங் பாஸ் ஒருவர் கிடைத்தால் சில வாரங்களில் சமையலறை தயாராகிவிடும். அதைச் சட்டப்படி ரோட்டில் இறக்குவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். அந்த வழியில் முட்டி மோதித்தான் நான் வெளியே வந்தேன். எந்தக் கடதாசி எதற்கு முன்னால் வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில் ஓர் எல்லை போட்டுவிடுகிறேன். ஏற்கெனவே லொறியாகப் பதிவாகியிருக்கும் சின்ன வண்டியில் புதுப் பாடி கட்டுவதைப் பற்றி மட்டும்தான் இங்கே சொல்கிறேன். பழைய எஞ்சின் ஒன்று, எங்கேயோ கிடைத்த சேஸி ஒன்று, இரண்டையும் சேர்த்து அடியிலிருந்து ஒரு ஜீப் செய்யும் ஆசை உள்ளவர்கள் வேறு கதவைத் தட்ட வேண்டும். அப்படிச் செய்த வண்டிக்குச் சுங்கக் கடதாசி இல்லை, பதிவும் இல்லை. "கவலைப்படாதீங்க தம்பி, உடைஞ்ச வண்டி ஒன்னோட புக் இருக்கு, நம்பரை வெட்டி ஒட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். வண்டியும் போகும், வழக்கும் வரும்.

கட்டணங்களை ரூபாயில் எழுதவில்லை. அவை மாறிக்கொண்டே இருக்கின்றன, பழைய கணக்கை நம்பிப் போய்க் கவுண்டரில் நிற்பது வீண். போகிற வாரத்தில் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.

1. சீ.ஆரை வரிவரியாகப் படியுங்கள்

பதிவுச் சான்றிதழைத்தான் எல்லோரும் சீ.ஆர். என்கிறோம். வண்டியின் ஜாதகம் அது. வாகன வகுப்பு, பாடியின் வகை, நிறம், எஞ்சின் நம்பர், சேஸி நம்பர், ஆசன எண்ணிக்கை, வெற்று எடை, மொத்த எடை, நீள அகல உயரம், டயர் அளவு எல்லாம் அதில் இருக்கும். இந்தத் தாளில் எழுதியிருக்கும் எதை மாற்றினாலும் தாளையும் மாற்ற வேண்டும். மிச்ச வேலை அத்தனையும் இதிலிருந்துதான் வருகிறது.

திறந்த பட்டாவில் பெட்டி பாடி ஏற்றினால் பாடி வகை, வெற்று எடை, உயரம் மூன்றும் மாறும். கண்ணைக் கவரும் மஞ்சள் அடித்தால் நிறமும் சேரும். பின்னால் உதவியாள் உட்கார்ந்து வர ஓர் ஆசனம் வைத்தால் ஆசன எண்ணிக்கையும் மாறும். அந்தக் கடைசி வேலையை மட்டும் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. அடுப்பும் கேஸும் இருக்கிற இடத்தில் ஆள் உட்கார்ந்து போக அனுமதி கேட்டால், அந்த ஒன்றினாலேயே மற்றதெல்லாம் நின்றுபோகும்.

அடுத்தது பெயர். சீ.ஆரில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். மலையகத்தில் கைமாறும் பழைய லொறிகளில் நிறைய ஓப்பன் பேப்பரில்தான் ஓடுகின்றன. விற்றவர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருப்பார், வாங்கியவர் பெயர் மாற்றாமலே அடுத்தவருக்கு விற்றிருப்பார். விற்ற 14 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், பிந்தினால் தண்டப் பணம். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற இரண்டு படிவங்களும் முறையாக நிரப்பப்பட்டு, விற்றவரின் அடையாள அட்டைக் கொப்பியோடு கையில் இருந்தால் சரி. முதல் உரிமையாளர் இறந்துவிட்டார், வெளிநாடு போய்விட்டார் என்ற கதை வந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

லீசிங்கில் உள்ள வண்டி என்றால் கம்பனியின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. கிளை முகாமையாளர் வாயால் "செய்யுங்க" என்றதை எந்த அலுவலகத்திலும் காட்ட முடியாது. சம்மதக் கடிதத்தில் வண்டி நம்பர், சேஸி நம்பர், என்ன மாற்றம் என்ற மூன்றும் இருக்கட்டும்.

இனி, தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி. நம் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. ஒன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், இன்னொன்றில் முதலெழுத்து மட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் அன்று எழுதியவரின் காதுக்கு எட்டியபடி. வண்டிக் கடதாசியில் இது இடறும். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, நாலைந்து கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் நல்லது. கேட்கும்போது இல்லாவிட்டால் ஒரு நாள் போச்சு.

முகவரியும் அப்படித்தான். லயத்து முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் எத்தனை நாள் கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பதிவுத் தபாலில் வர வேண்டிய சீ.ஆர். அப்படிக் கிடந்தால் வயிறு கலங்கும். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழை எடுக்கும்போதே முகவரியை எப்படி எழுதுவது என்று அவரோடு பேசி முடிவு செய்து, எல்லாப் படிவத்திலும் அதே எழுத்தில் எழுதுங்கள். தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

2. வெல்டிங்குக்கு முன்னால் பரிசோதகர்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். வண்டியைக் கட்டி முடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, பூசையும் போட்டுவிட்டுப் பரிசோதகரிடம் கொண்டு போகிறார்கள். அவர் நாலு அங்குலம் குறை, இதைக் கழற்று, அதை மாற்று என்றால் கட்டியதை உடைக்க வேண்டும். உடைப்பதற்கும் பாஸுக்குக் காசு, மறுபடி கட்டுவதற்கும் காசு.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. நுவரெலியா, கண்டி, பதுளை மூன்றிலும் உண்டு. நாம் கச்சேரி என்று சொல்லும் மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால் காட்டுவார்கள். அங்கிருக்கும் மோட்டார் வாகனப் பரிசோதகர்தான் உங்களுக்கு முக்கியமான ஆள். சாரதிப் பத்திரத்துக்கு வண்டி ஓட்டிக் காட்டும் பரீட்சையையும் பரிசோதகர்களே நடத்துவதால், பரீட்சை நாளில் போனால் உங்களோடு பேச நேரம் இருக்காது. முதல் நாளே தொலைபேசியில் கேட்டு, பரீட்சை இல்லாத நாளில் காலையிலேயே போங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: சீ.ஆர். மூலமும் கொப்பியும், அடையாள அட்டை, லீசிங் இருந்தால் சம்மதக் கடிதம், வண்டியை நாலு பக்கமும் எடுத்த போட்டோ, நீங்கள் செய்யப்போகும் மாற்றத்தை விளக்கும் ஒரு பக்கக் கடிதம், ஒரு வரைபடம்.

வரைபடம் என்றதும் பயப்பட வேண்டாம், கணினியில் போட்ட படம்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். பக்கவாட்டுத் தோற்றம், பின் தோற்றம், மேலிருந்து பார்த்த தோற்றம் மூன்றும் போதும். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம், பின் சில்லுக்குப் பின்னால் பாடி எவ்வளவு நீளும், தரையிலிருந்து கூரை வரை உயரம், கதவு எந்தப் பக்கம், கேஸ் எங்கே, தண்ணீர் டாங்கி எங்கே என்பதையெல்லாம் சென்ரிமீற்றரில் குறியுங்கள். ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ வீட்டுப் பிளான் போடும் வரைஞர் ஒருவரிடம் கொடுத்தால் நேர்த்தியாகப் போட்டுத் தருவார். இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். பரிசோதகர், கராஜ்காரர், காப்புறுதிக்காரர் எல்லோரும் பார்க்கப் போவது இந்த ஒரே படத்தைத்தான்.

தமிழில் விண்ணப்பிக்க நமக்கு உரிமை இருக்கிறது. இருந்தாலும் படத்தின் குறிப்புகளைச் சிங்களத்திலும் சேர்த்து எழுதுங்கள். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கோப்பு கைமாறிக் கொழும்பு வரை போகும், அங்கே யார் மேசையில் உட்காரும் என்று தெரியாது. மொழிபெயர்ப்புக்காக அது காத்துக் கிடந்தால் நஷ்டம் உங்களுக்கு.

பரிசோதகரிடம் மூன்று கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். வண்டி மோட்டார் லொறி வகுப்பிலேயே இருக்குமா, விசேட நோக்க வாகனம் என்று மாற வேண்டுமா? இந்த மாற்றத்தை மாவட்ட அலுவலகத்திலேயே முடிக்கலாமா, நாரஹேன்பிட்டி தலைமையகத்தின் முன் அனுமதி வேண்டுமா? எடைச் சீட்டை எந்த எடை மேடையில் எடுத்தால் ஏற்றுக்கொள்வீர்கள்? வகுப்பு மாறினால் காப்புறுதி, வருடாந்த வரி எல்லாம் பின்னாலேயே மாறும் என்பதால் முதல் கேள்விக்கு அரைகுறைப் பதிலோடு வெளியே வராதீர்கள். முடிந்தால் உங்கள் கடிதத்தின் கொப்பியில் பதிலைக் குறித்துத் திகதி முத்திரை வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். "சேர், கராஜ்ல காட்டணும்" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

3. கராஜில் கவனிக்க வேண்டியவை

பாஸ் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதோடு, பில் தருவாரா என்பதையும் பாருங்கள். பெயர், முகவரி, வியாபாரப் பதிவு இலக்கம் அச்சிட்ட பில்லும், "இன்ன சேஸி நம்பர் உள்ள வண்டிக்கு இன்ன அளவில் இன்ன பொருளால் பாடி அடித்துக் கொடுத்தோம்" என்ற கடிதமும் தரக்கூடிய கராஜையே தேடுங்கள். துண்டுக் கடதாசியில் கணக்கெழுதித் தரும் இடத்தில் வேலை மலிவாக இருக்கும், பிறகு அந்தக் கடதாசி எங்கேயும் செல்லாது. அலுமினியத் தகடு, பொக்ஸ் பார், பிளைவூட், விளக்கு என்று நீங்களே வாங்கும் சாமான்களின் பில்லையும் ஒரு கோப்பில் சேருங்கள்.

சேஸியை வெட்டவோ நீட்டவோ விடாதீர்கள். பாடிக்குத் தனியாக ஒரு சட்டம் செய்து, அதை யூ போல்ட் போட்டுச் சேஸியில் இறுக்குவதுதான் முறை. சேஸியில் நேரடியாக வெல்டிங் வைத்தால் அந்த இடம் பலவீனமாகும், கினிகத்தேனை வளைவுகளில் முறுக்கு விழ விழ வெடிப்பு வரும். பரிசோதகர் கீழே குனிந்து முதலில் பார்ப்பதும் இதைத்தான். இன்னொன்று, துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று அடியில் கறுப்புப் பூச்சு அடிக்கும் பையன் சேஸி நம்பரின் மேலும் சேர்த்து அடித்துவிடுவான். அந்த இடத்தில் முதலே டேப் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு சுரண்டி எடுத்தால், நம்பரில் கை வைத்தீர்களா என்ற சந்தேகம் வரும்.

சாமான் கொடுக்கும் ஜன்னல் இடது பக்கம் இருக்கட்டும். வலது பக்கம் வைத்தால் வாடிக்கையாளர் நடுரோட்டில் நிற்பார். மேலே தூக்கும் கதவு ஓட்டத்தில் திறக்காதபடி இரண்டு பூட்டுப் போடுங்கள். கதவின் பிணைச்சல் வெளியே துருத்தினால் அதையும் சேர்த்துத்தான் அகலம் அளப்பார்கள். பின் விளக்கு, சிக்னல், நம்பர் தட்டு எதையும் புதுப் பாடி மறைக்கக் கூடாது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அதனால் சிலிண்டருக்கு வெளிப்பக்கம் திறக்கும் தனிப் பெட்டி செய்து, அதன் அடித்தட்டில் துளை போடுங்கள். உள்ளே தரை மட்டத்திலும் ஒரு காற்றுத் துளை வேண்டும். மேலே மட்டும் ஜன்னல் வைத்துவிட்டுத் திருப்திப்படும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு அருகில் நிற்கவே பயம். தீயணைப்புக் கருவியைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், அடுப்புக்குப் பின்னால் வேண்டாம்.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் பெயின்ட் வேலை வைக்காதீர்கள். தென்மேற்குப் பருவ மழையில் பிளைவூட் ஊதும், பெயின்ட் பிடிக்காது.

4. எடை: எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான்

டாட்டா ஏஸைத்தான் நாம் பட்டா என்கிறோம். பழைய டீசல் ஏஸின் எஞ்சின் 702 சிசி, வலு 16 குதிரை. சாமானோடு சேர்த்து வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை 1550 கிலோ. அதில் பாதிக்கு மேல் வண்டியின் சொந்த எடை. மிச்சம் 700 கிலோ சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டப்போகும் சமையலறை, அதற்குள் வைக்கும் சாமான், ஓட்டுநர், உதவியாள் எல்லாம் இந்த 700க்குள் அடங்க வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லீற்றர் தண்ணீர் என்றால் 200 கிலோ. இரண்டு ஆள் 130 கிலோ. 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தால் இரும்போடு சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அப்படி இரண்டு சிலிண்டர் 50 கிலோ. ஐஸ் பெட்டி, கொத்துத் தட்டு, ஜெனரேட்டர், மா, மரக்கறி, இறைச்சி என்று இன்னும் ஓர் 150. பாடியே அடிக்காமல் 530 ஆகிவிட்டது. மிச்சம் 170 கிலோவுக்குள் பாடி கட்ட முடியுமா? கனத்த இரும்பில் முடியாது. பாஸ் "ஸ்ட்ரோங்கா இருக்கட்டும்" என்று இரண்டு அங்குல பொக்ஸ் பாரைத் தூக்கும்போதே தடுத்து, அலுமினியத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரை 80 லீற்றராகக் குறைத்து, நிறுத்தும் இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வேண்டுமா என்று இரண்டு தரம் யோசியுங்கள்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 16 குதிரை எஞ்சின் ஏறிவிடும், முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும். பிரச்சினை இறங்கும்போதுதான். றம்பொடை இறக்கத்தில் கூடுதல் எடையோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் போகும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இந்த ரோட்டில்தான்.

எடைச் சீட்டு எடுக்கும்போது பாடி முழுமையாக முடிந்திருக்க வேண்டும். போல்ட் போட்டுப் பூட்டிய அடுப்பு, தொட்டி, அலுமாரி எல்லாம் வண்டியின் எடையிலேயே சேரும். தூக்கி வெளியே வைக்கக்கூடியதுதான் சாமான். பாதி கழற்றிக் குறைத்துக் காட்டும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். பரிசோதனைக்கு முழு வண்டியும் போகும் அல்லவா, அங்கே சீட்டும் வண்டியும் ஒத்துப்போகாது. சீட்டில் வண்டி நம்பரும் திகதியும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

பட்டா போதாது, கன்டர் மாதிரிப் பெரிய வண்டிதான் வேண்டும் என்று முடிவெடுத்தால் உங்கள் சாரதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பீ வகுப்பு 3500 கிலோ மொத்த எடை வரைதான். அதற்கு மேல் சீ1 வேண்டும்.

5. பரிசோதனை நாள்

வண்டியை முதல் நாளே கழுவி, சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் உள்ள இடத்தைத் துணியால் துடைத்து வையுங்கள். பரிசோதகர் அந்த இரண்டையும் சீ.ஆரோடு ஒப்பிடுவார், பாடியை அளப்பார், விளக்கு, சிக்னல், ஹோர்ன், வைப்பர், டயர், ஸ்டியரிங், ஹேண்ட் பிரேக் பார்ப்பார். மொட்டை டயரோடு போனால் மற்ற எதையும் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார், அது நியாயமும்தான். சமையல் சாமான், அரிசி மூட்டை எதுவும் உள்ளே வேண்டாம். கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்துவிட்டுப் போங்கள்.

வரைபடத்துக்கும் வண்டிக்கும் அளவில் வித்தியாசம் இருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கராஜில் மூன்று அங்குலம் கூடியிருக்கும், அது நடக்கிறதுதான். திருத்திய அளவோடு புதுப் படம் ஒன்று கையில் இருந்தால் பெரும்பாலும் பேச்சோடு முடியும். அவர் டேப் பிடித்துக் கண்டுபிடித்தால் மறு பரிசோதனைக்கு வரச் சொல்வார்.

அலுவலக வாசலில் தரகர்கள் நிற்பார்கள். படிவம் நிரப்பித் தருவதற்குச் சிறு தொகை கேட்டால் அது அவர் உழைப்பு, விருப்பமிருந்தால் கொடுங்கள். "உள்ளுக்கும் கொடுக்கணும்" என்று சேர்த்துக் கேட்டால் அது வேறு சங்கதி. அந்தக் காசு உள்ளே போகிறதோ அவர் சட்டைப்பையிலேயே நிற்கிறதோ, மாட்டுவது உங்கள் பெயர். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அந்த எண்ணைத் தெரியும் என்று காட்டிக்கொண்டாலே பேச்சு மாறும்.

கட்டிய ஒவ்வொரு கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் வெளியே போகுமுன் சேஸி நம்பரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் அன்றே அங்கேயே திருத்துவது ஐந்து நிமிட வேலை.

6. சீ.ஆரில் திருத்தம்

பரிசோதனை அறிக்கை, எடைச் சீட்டு, கராஜ் கடிதம், பில்கள், பழைய சீ.ஆர். மூலம், அடையாள அட்டை, லீசிங் சம்மதம் எல்லாம் சேர்ந்த கோப்போடு திருத்த விண்ணப்பம் போடுவதுதான் அடுத்தது. மாவட்ட அலுவலகத்தில் முடிந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தலைமையகம். முன்பதிவு வேண்டுமா, எந்த நாளில் எந்தக் கவுண்டர் என்பதைத் தொலைபேசியில் உறுதிப்படுத்தாமல் மலையை விட்டு இறங்காதீர்கள். ஹட்டனிலிருந்து முதல் நாள் இரவே புறப்பட்டால்தான் காலை வரிசையில் முன்னால் நிற்கலாம். போயா நாளையும் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்று நிச்சயம், அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் அந்த வாரமே மந்தம்.

மூலங்களை ஒப்படைக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் கொப்பி எடுத்து, போனிலும் படம் எடுத்து வையுங்கள். கோப்பைப் பாரம் கொடுத்ததற்கு இலக்கத்தோடு ஒரு சீட்டு இல்லாமல் திரும்ப வேண்டாம். பிறகு விசாரிக்கும்போது பெயரையோ வண்டி நம்பரையோ சொன்னால் தேடுவார்கள், கோப்பு இலக்கத்தைச் சொன்னால் எடுப்பார்கள்.

எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் முதல் கடிதத்திலிருந்து புதிய சீ.ஆர். கைக்கு வரும்வரை மூன்று மாதம் ஒதுக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். சிவனொளிபாதமலை சீசன் டிசெம்பர் போயாவோடு தொடங்கி மே மாத வெசாக் வரை. அதற்கு ஓட வேண்டுமானால் ஓகஸ்ட்டுக்குள் பரிசோதகரைப் பார்த்திருக்க வேண்டும், பெயின்ட் வேலையைத் தென்மேற்குப் பருவம் முடிந்தபின் மழை இல்லாத நாள் பார்த்து வைக்க வேண்டும். ஏப்ரல் சீசனை நம்பியிருப்பவர்கள் ஜனவரியில் தொடங்கினால் இறுக்கம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அலுவலகங்கள் காலியாகிவிடும்.

பணத்திலும் இதே கணக்குத்தான். பாடிக்கு ஒதுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கடதாசி வேலைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அரசாங்கக் கட்டணங்களைவிட பஸ் காசு, சாப்பாடு, கொப்பி, வேலைக்குப் போகாத நாளின் சம்பளம்தான் அதிகம் தின்னும். கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். வண்டி கராஜ் வாசலில் சும்மா நிற்கும் மாதங்களுக்கும் தவணை கட்டியாக வேண்டும். புதுச் சீ.ஆர். வரும்வரை இருக்கிற வேலையை விடாதீர்கள்.

7. காப்புறுதி, புகை, தகுதி, வருட அனுமதிப்பத்திரம்

இந்த நாலும் லொறி வைத்திருப்பவர்களுக்குப் பழகிய விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

காப்புறுதிக் கம்பனிக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். உள்ளே கேஸ் வைத்துச் சமைப்பதையும் மறைக்காதீர்கள். கட்டுப்பணம் கூடும்தான். ஆனால் பொருள் ஏற்றும் லொறி என்று காப்புறுதி எடுத்துவிட்டுச் சமையல் வண்டி எரிந்தால், அவர்கள் கொடுக்க மறுப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் சட்டத்துக்குப் போதுமானது, உங்கள் அடுப்புக்கும் கூரைக்கும் அது ஒரு சதமும் தராது.

புகைப் பரிசோதனைக்கு முன் எயார் பில்டரை மாற்றி, டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, டீசல் எஞ்சின் கூடுதலாகக் கரும்புகை தள்ளும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

லொறிக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். அனுமதி பெற்ற கராஜில் எடுப்பதாக இருந்தால் அந்த அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கொடுங்கள். இவை மூன்றும் கையில் வந்ததும் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்தாக இருந்த பிரதேச செயலகப் பிரிவுகள் இப்போது பத்தாகியிருக்கின்றன. அம்பகமுவையில் இருந்த உங்கள் இடம் நோர்வூட்டுக்கு மாறியிருக்கலாம், கிராம சேவகரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். இணையத்தில் புதுப்பிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் திருத்தம் செய்த பிறகு முதல் முறை நேரில் போய், கணினியில் புதிய விவரம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே நிம்மதி.

8. வண்டி ரோட்டுக்கு வந்தாயிற்று, கடை இன்னும் இல்லை

வண்டிக்கு அனுமதி கிடைத்தால் சாப்பாடு விற்க அனுமதி கிடைத்ததாக நினைக்க வேண்டாம். அதற்கு நீங்கள் நிறுத்தப்போகும் இடத்தின் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில் வியாபார அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் (பீ.எச்.ஐ.) பார்வை, சமைப்பவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். ஹட்டனில் எடுத்த அனுமதி நுவரெலியாவில் செல்லாது, மஸ்கெலியாவிலும் செல்லாது. பீ.எச்.ஐ. கேட்கும் துருப்பிடிக்காத மேசை, கை கழுவும் தொட்டி, கழிவு நீர் டாங்கி, மூடியுள்ள குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் இரண்டாம் படியில் போடும் வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். பாடி முடிந்தபின் ஒரு தொட்டியைப் பூட்டினால் எடை மாறும், எடை மாறினால் நாலாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

வண்டியில் எப்போதும் வைத்திருக்க வேண்டியவை சாரதிப் பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ். இவற்றோடு புதிய சீ.ஆரின் கொப்பி ஒன்றையும் பரிசோதனை அறிக்கையின் கொப்பியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். லொறியின் முகமும் பெட்டியின் உடம்புமாக இருக்கும் வண்டியைப் பார்த்ததும் பொலிஸ் கையைக் காட்டும், பாடி வகை எழுதிய வரியைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். மூலச் சீ.ஆரை வீட்டில், மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.